பிக்குவுக்காக நான் எழுதிய விளக்கக் குறிப்பு

மார்ச் மாதத்தில் ஒரு புதன்கிழமை. சிட்னியில் பரமட்டா நூலகத்துக்குப் போய்விட்டு ரயிலில் டூங்கபிக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். பிற்பகல் நான்கு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும். இரவல் எடுத்த புத்தகத்தில் பதிப்பு விவரம் உள்ள பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, காவி உடுத்த ஓர் இளம் பிக்கு ஏறினார். நான் எழுந்து நின்றேன்.

யோசித்து எழவில்லை. கால்கள் எழுந்தன. இலங்கையில் பஸ்ஸின் முன் இருக்கை மதகுருமாருக்கு உரியது. ஹாமத்துறு ஏறினால் அதில் இருப்பவர் எழும்பிவிட வேண்டும். பிக்குவை நாங்கள் அப்படித்தான் சொல்வோம், சிங்களத்திலிருந்து வந்த சொல். சிறுவயதிலிருந்தே எழும்பிப் பழகியிருந்தேன், மரியாதையால் சில காலம், பயத்தால் சில காலம். அந்த நாட்டை விட்டு வந்து முப்பது வருடத்துக்கு மேலாகிறது. பெட்டியில் பாதிக்கு மேல் இடம் காலியாகக் கிடந்தது. ஆனாலும் எழுந்துவிட்டேன்.

அவர் என்னைவிட அதிகமாகத் திகைத்துப்போனார். "தயவுசெய்து உட்காருங்கள், நான் மிகவும் இளையவன்" என்றார் ஆங்கிலத்தில். உட்கார்ந்தேன். காது சுட்டது. கோபம் என் கால்களின் மேலா, அந்த உடையின் மேலா என்று தெரியவில்லை. அன்றைய நாட்குறிப்பில் இருப்பது இவ்வளவுதான்: "ரயில். பிக்குவுக்கு எழுந்து நின்றேன். ஏன்?"

நாட்குறிப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இந்த நாட்டில் நான் வேலை செய்தது ஒரு மருந்துத் தொழிற்சாலையின் ஆவணப் பிரிவில். ஒரு தொகுதி மாத்திரை வெளியே போவதற்கு முன் அதன் தாள்கள் அத்தனையையும் நான் படிக்க வேண்டும். ஒரு தாளில் உள்ள திகதி இன்னொரு தாளோடு ஒத்துவராவிட்டால், அதைச் சுட்டிக்காட்டி, காரணம் எழுதி, கையொப்பமிட்டுச் சேர்த்துவிட வேண்டும். மறைத்தால்தான் குற்றம், சொல்லிவிட்டால் குற்றமில்லை. ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. எந்தப் பொருளை எந்தக் கிழமை வாங்கினேன், யார் எப்போது வந்தார்கள், மழை எத்தனை மணிக்குத் தொடங்கியது எல்லாம் எழுதி வைத்திருக்கிறேன். இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஆடி மாதத்தில் பிறந்த எனக்கு வங்கி ஒவ்வொரு பெப்ரவரியிலும் பிறந்தநாள் வாழ்த்து அனுப்புகிறது. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது அப்பா கொடுத்த திகதி அது. அதுவே கடவுச்சீட்டுக்கும் வந்து சேர்ந்துவிட்டது.

பிக்கு பக்கத்தில் அமர்ந்து ஒரு பிளாஸ்டிக் கோப்பைத் திறந்தார். உள்ளே ஒரு விண்ணப்பப் படிவம். சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என் பக்கம் திரும்பி, "அங்கிள், 'ஆதரவு அளிக்கும் அமைப்பு' என்றால் யார்?" என்று கேட்டார்.

டூங்கபி வருவதற்குள் பாதிக் கதை தெரிந்துவிட்டது. மீதியை நிலைய வாங்குப் பலகையில் அமர்ந்து கேட்டேன். அவர் சிங்களவர் இல்லை. வங்காளதேசத்தில் சிட்டகாங் மலைப்பகுதி. அங்கே அவருடைய ஆட்கள்தான் சிறுபான்மை. ஊர் விகாரையில் ஒரு பள்ளிக்கூடம் நடக்கிறது, ஐந்தாம் வகுப்பு வரை. அதற்கு மேல் படிக்க வேண்டுமானால் படகிலும் நடையிலுமாக அரை நாள் தூரம். அந்த வருடம்தான் ஆறாம் வகுப்புக்கு அனுமதி கிடைத்திருந்தது, அதுவும் ஒரு நிபந்தனையோடு: பயிற்சிச் சான்றிதழ் உள்ள, அல்லது பயிற்சியில் சேர்ந்துவிட்ட ஆசிரியர் ஒருவரையாவது ஆகஸ்ட் மாதத்துக்குள் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் வகுப்பை மூட வேண்டும். செவன் ஹில்ஸ் பக்கம் ஒரு சாதாரண வீட்டில் தன் குருவோடு தங்கியிருந்தார் இவர். இங்குள்ள ஒரு கல்லூரி, ஊருக்குத் திரும்பிப்போய்ப் படிப்பிக்க உறுதி தரும் வெளிநாட்டவர் ஒருவருக்கு ஆண்டுக்கு ஓர் இலவச இடம் கொடுக்கிறது. ஜூலையில் வகுப்பு, மே கடைசியில் விண்ணப்பம் முடிவு. விண்ணப்பிப்பவரின் சொந்த மத நிறுவனம் அல்லாத ஒரு சமூக அமைப்பின் கடிதம் வேண்டும்.

"பந்தே" என்றுதான் அவரைக் கூப்பிட வேண்டும் என்று பிறகு படித்து அறிந்துகொண்டேன். வாய் வரவில்லை. "தம்பி" என்றே வந்தது. அவர் அதன் பொருளைக் கேட்டார். சொன்னேன். பிடித்துப்போய்விட்டது.

வரும் சனிக்கிழமை சாப்பாட்டுக்கு வரச் சொல்லிவிட்டேன் என்றதும் மனைவி கத்தியை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"ஹாமத்துறுவோ? எங்கட வீட்டுக்கோ?"

"அவர் வங்காளதேசம்."

"உடுப்பு எந்தத் தேசம்?" என்றாள். கத்தியை மறுபடி எடுத்துக்கொண்டு, "மரக்கறிதானே சாப்பிடுவார்?"

"குடுக்கிறதைச் சாப்பிடுவாராம். குறை சொல்லக் கூடாதாம்."

"அப்ப வரட்டும். வீட்டில அப்பிடி ஒரு ஆளையும் பாக்க வேணும்தானே."

நண்பகலுக்குப் பின் அவர்கள் உண்பதில்லை என்று சொல்லியிருந்ததால் அவள் காலை எட்டு மணிக்கே குசினியில் நின்றாள். பஸ் தாமதித்து அவர் வந்தபோது பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம். பூசணிக்காய்க் கறியும் பருப்பும் சோறுமாக அவள் ஓடி ஓடி வைக்க, அவர் சிரித்துக்கொண்டே மணிக்கூட்டைக் காட்டினார். எங்கள் நண்பகல் மணிக்கூட்டுடையது, அவருடையது சூரியனுடையது. கோடைக்கால நேர மாற்றம் இன்னும் முடியாததால் சிட்னியில் சூரியன் உச்சிக்கு வர ஒரு மணி ஆகுமாம். நாள்வாரியாக உச்சிப்பொழுதைக் குறித்த ஒரு சிறு அட்டவணையைக் கோப்பிலிருந்து எடுத்துக் காட்டினார். நான் உடனே அதை நகலெடுத்துக்கொண்டேன்.

மனைவி கதிரையில் தொப்பென்று இருந்து, "ஒரு மணித்தியாலம் கிடக்கு எண்டு முதலே சொல்லியிருந்தா அப்பளமும் பொரிச்சிருப்பன்" என்றாள். மொழிபெயர்த்தேன். காத்திருப்பதாக அவர் சொன்னார். பொரித்தாள்.

கடிதத்துக்கு எங்கள் தமிழ்ச் சங்கத்தைத் தவிர வேறு எது? நான் அங்கத்தவன், முன்னாள் பொருளாளர். செயலாளரோடு இருபது வருடப் பழக்கம். ஒரு வெள்ளிக்கிழமை, மாலை ஆறு மணிச் செயற்குழுவுக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். அந்த நேரத்தைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. நண்பகல் அட்டவணையை நகலெடுத்தவனுக்கு அது தோன்றியிருக்க வேண்டும்.

பள்ளி மண்டபத்தின் ஓரத்தில் மேசை போட்டு மட்டன் ரோல்ஸ், கட்லட், பால் தேநீர். வந்தவருக்கு முதலில் சாப்பிடக் கொடுப்பதுதான் எங்கள் வழக்கம், வந்தவர் யாராயிருந்தாலும். தட்டு அவரிடம் போனது. கும்பிட்டு வேண்டாம் என்றார். தேநீர் போனது. பால் கலந்திருந்ததால் அதையும் மறுத்து, வெந்நீர் இருக்குமா என்று கேட்டார்.

"எங்கட கையால தேத்தண்ணியும் குடியாராம்" என்றார் செயலாளர். பெரிய குரல் அவருக்கு.

"பின்னேரத்தில சாப்பிடக் கூடாது, அவையின்ர விதி" என்றேன்.

"விதி தெரிஞ்ச ஆள், பிறகேன் பின்னேரம் கூட்டிக்கொண்டு வந்தனீங்கள்?"

படிவத்தை எடுத்து விளக்கினேன். மலைப்பகுதி, பள்ளிக்கூடம், ஆறாம் வகுப்பு, ஆகஸ்ட். அவர்களும் எங்களைப் போலத்தான் என்று சொன்னேன். செயலாளர் கையைத் தூக்கினார்.

"அண்ணை, நீங்கள் நல்ல மனுசன், அதுதான் பிரச்சினை. இண்டைக்கு ஒரு கடிதம் எண்டு வருவினம். நாளைக்கு ஒரு அரசமரக் கண்டோட வருவினம். நாளண்டைக்கு வந்து பாத்தா எங்கட ஸ்டேஜில புத்தர் இருப்பார்."

எல்லாரும் சிரித்தார்கள். தமிழ் தெரியாத பிக்குவும், மற்றவர்கள் சிரித்ததால், கூடவே சிரித்தார். அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை. கடிதம் பற்றி அடுத்த பொதுக்கூட்டத்தில் முடிவெடுக்கப்படும் என்று எழுதிக்கொண்டார்கள். அது ஜூனில். விண்ணப்பம் மேயில் முடிகிறது. இதைச் சொன்னேன். கூட்டத் தீர்மானப் புத்தகத்தை மூடிவிட்டார்கள்.

காரில் திரும்பும்போது, "என்ன சொன்னார்கள்?" என்று கேட்டார் பிக்கு.

"யோசிக்கிறார்கள்."

"புத்தர் என்ற சொல் கேட்டது" என்றார்.

அடுத்து வந்த வாரங்களில் நான் தொலைபேசியோடு மல்லுக்கட்டினேன். ஒரு முதியோர் சங்கம் தலைவர் ஊரில் இல்லை என்றது. ஒரு வாசகர் வட்டம் தாங்கள் பதிவு செய்த அமைப்பு இல்லை என்றது. வேறு மாநிலத்தில், டண்டினொங்கில் இருக்கும் நண்பர் ஒருவர், "எங்கட சங்கத்தில கேக்கிறன், ஆனா காவி எண்டு சொல்ல மாட்டன், மலைநாட்டு மாணவர் எண்டு சொல்லுறன்" என்றார். அப்படிச் சொல்லியும் பதில் வரவில்லை. ஒவ்வொரு அழைப்பின் திகதியையும் மணியையும் எழுதி வைத்திருக்கிறேன். இரண்டு பக்கம் வருகிறது.

மே நடுவில் ஒரு சனிக்கிழமை பிற்பகல் பிக்கு வீட்டு வாசலில் நின்றார். கையில் எங்கள் சங்கத்தின் முத்திரை போட்ட கடிதம். செயலாளரின் கையொப்பம். அதோடு, சான்றிதழ்களின் நகல்கள் அத்தனையிலும் உறுதிப்படுத்தல் முத்திரை, அதே கையொப்பம்.

நடந்தது இதுதான். எங்கள் செயலாளர் ஒரு ஜே.பி., அதாவது சமாதான நீதவான். சனிக்கிழமை காலைகளில் நூலகத்தில் ஒரு மேசை போட்டு இருந்து, ஆட்கள் கொண்டுவரும் நகல்களை மூலத்தோடு ஒப்பிட்டு இலவசமாகக் கையொப்பமிட்டுக் கொடுப்பார். அது தெரியாமலே பிக்கு தன் நகல்களோடு அங்கே போயிருக்கிறார். நான் உடனே செயலாளருக்குத் தொலைபேசி எடுத்தேன். "எப்பிடி மனசு மாறினது?" என்றேன்.

"வரிசையில நிண்டவன், அண்ணை."

"என்ன?"

"முன்னால பத்துப் பேர். நான் கண்டிட்டு, வா எண்டு கையைக் காட்டினன். மாட்டன் எண்டிட்டான். பிள்ளையோட நிண்ட ஒரு பொம்பிளையைத் தனக்கு முன்னால விட்டிட்டுப் பின்னுக்குப் போய் நிண்டான். என்ர சீவியத்தில வரிசையில நிண்ட ஹாமத்துறுவை நான் கண்டதில்லை." பிறகு, "கடிதத்தைக் கமிட்டிக்குப் பிறகு சொல்லுவம். நீங்கள் வாயைத் திறக்காதேங்கோ" என்றார்.

இனி எல்லாவற்றையும் அடுக்கி அனுப்ப வேண்டியதுதான். பிக்குவே மடிக்கணினியில் அனுப்பியிருப்பார். ஒரு முறை சரிபார்த்துத் தருகிறேன் என்று நான்தான் வாங்கினேன்.

கடவுச்சீட்டில் பிறந்த திகதி ஜனவரி ஒன்று. பள்ளிச் சான்றிதழில் அதற்கு முந்திய வருடத்து நவம்பர். உபசம்பதை, அதாவது முழுத் துறவு பெற்ற சான்றிதழைப் பார்த்தால் இரண்டோடும் ஒத்துவரவில்லை. இருபது வயதாகியிருந்தால்தான் அது கொடுப்பார்கள். அவரோ கடவுச்சீட்டுப்படி பத்தொன்பதில் பெற்றிருந்தார்.

"தாய் வயிற்றில் இருந்த மாதங்களையும் சேர்த்து எண்ணுவோம், அங்கிள்" என்றார். "விதியிலேயே இருக்கிறது."

"நவம்பர் எப்படி வந்தது?"

"அம்மா சொல்வது மலைநெல் அறுத்த பிறகு என்று. ஆசிரியர் நவம்பர் போட்டார். கடவுச்சீட்டு அலுவலகத்தில் ஜனவரி போட்டார்கள். அங்கே எல்லாருக்கும் ஜனவரிதான்."

எனக்கு இது மிகவும் பிடித்துப்போனது. இதைத்தான் மறைக்க முடியவில்லை. நல்ல விஷயம் ஒன்று அகப்பட்ட உற்சாகத்தோடு உட்கார்ந்து ஒரு பக்க விளக்கக் குறிப்பு எழுதினேன். மூன்று ஆவணம், மூன்று கணக்கு, ஒவ்வொன்றுக்கும் காரணம், கருவிலிருந்து எண்ணும் முறை பற்றிய அடிக்குறிப்பு. தொழிற்சாலையில் எழுதியவற்றைவிட நன்றாக வந்திருந்தது.

பிக்கு வாசித்துவிட்டு, "இது தேவையா?" என்றார்.

"பிறகு அவர்களே கண்டுபிடித்தால் சந்தேகம் வரும். நாமே சொல்லிவிடுவது நல்லது."

"நீங்கள் சொன்னால் சரி."

அதையும் இணைத்து அனுப்பினேன். முடிவு திகதிக்கு ஒன்பது நாள் இருந்தது.

ஆறாவது நாள் பதில் வந்தது. விண்ணப்பதாரர் தரப்பிலேயே அடையாள விவரங்களில் முரண்பாடு இருப்பதாகத் தெரிவிக்கப்பட்டுள்ளதால், தூதரகம் உறுதிப்படுத்திய பிறப்பு ஆவணம் கிடைக்கும் வரை விண்ணப்பம் பரிசீலிக்கப்படாது. கான்பராவில் இருக்கும் தூதரகத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். எட்டு வாரம் என்றார்கள். கல்லூரிக்கு எடுத்தேன். நாற்பது நிமிடம் இசை கேட்ட பிறகு ஒரு பெண் பேசினார். பண்பாகத்தான் பேசினார்.

"நாங்கள் ஒப்பிடுவது கடவுச்சீட்டையும் படிவத்தையும் மட்டும்தான். அவை இரண்டும் ஒத்திருக்கின்றன. ஆனால் இந்த இணைப்பு வந்துவிட்டதால் நாங்கள் அதைக் கவனிக்காமல் விட முடியாது."

"அந்த இணைப்பைத் திரும்பப் பெறலாமா?"

"அப்படிச் செய்தால் அதையும் பதிவு செய்ய வேண்டும்" என்றார். நானும் முப்பது வருடம் அதே பதிலைத்தான் சொல்லி வந்தவன்.

மே முடிந்தது. இடம் வேறொருவருக்குப் போனது.

செயலாளர் வீட்டுக்கே வந்து ஏசினார். "மூண்டு திகதியும் நானும்தான் கண்டனான். கண்டிட்டுத்தான் சைன் வைச்சனான். நகல் மூலத்தோட ஒத்திருக்கோ எண்டதுதான் என்ர வேலை. அவங்கள் கேட்டவங்களோ? கேக்கேல்லை. கேக்காத கேள்விக்கு மறுமொழி எழுதின முதல் ஆள் நீங்கள்தான், அண்ணை! எங்கட ஆக்களில எத்தினை பேர் ஜனவரி முதலாம் திகதி பிறந்தவை? அதைத் திறந்து பாத்தா டூங்கபி பாதி காலி."

"உண்மையைத்தானே எழுதினனான்."

மனைவி தேநீரை வைத்துவிட்டு, "இஞ்சாருங்கோ, சிட்டிசன் ஆகேக்க உங்கட ஆடி மாசத்துக்கு ஒரு பக்கம் எழுதிக் குடுத்தனீங்களோ?" என்று கேட்டாள்.

செயலாளர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

நான் எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை என்று இப்போதும் நினைக்கிறேன். ஆனால் என் திகதி என்று வந்தபோது பேசாமல் இருக்கத் தெரிந்த எனக்கு, அவருடைய திகதியைக் கண்டதும் கை துருதுருத்தது ஏன் என்பதற்கு நாட்குறிப்பில் பல இடங்களில் தேடியும் பதில் இல்லை. பிக்குவாவது கோபப்பட்டிருக்கலாம். "அடுத்த வருடமும் மே மாதம் வரும், அங்கிள்" என்றார். அவர் அப்படிச் சொன்னது எனக்கு ஏசலைவிட எரிச்சலாக இருந்தது.

அடுத்த வருட விண்ணப்பத்துக்கான பிறப்பு ஆவணத்துக்காக ஆகஸ்டில் தூதரகம் ஒரு சத்தியக்கூற்று கேட்டது, மூன்று திகதிகளும் ஒரே ஆளுடையவை என்று. அதை ஜே.பி. முன்னிலையில் ஒப்பமிட வேண்டும். சனிக்கிழமை காலை நானும் பிக்குவும் நூலகத்தில் வரிசையில் நின்றோம். முன்னால் ஏழு பேர். ஊரில் எப்படி என்று கேட்டேன். ஆறாம் வகுப்பை மூடிவிட்டார்கள் என்றார். ஒன்பது பிள்ளைகள். ஐந்து பேர் திரும்பவும் ஐந்தாம் வகுப்பிலேயே வந்து இருக்கிறார்கள், வீட்டில் சும்மா இருக்க விருப்பமில்லாமல். இரண்டு பேரை உறவினர் கீழே பட்டணத்துக்குக் கூட்டிப்போய்விட்டார்கள், தையல் தொழிற்சாலைக்கு. மற்ற இருவரைப் பற்றித் தகவல் இல்லை.

எந்தத் திகதியில் மூடினார்கள் என்று கேட்க வாய் எடுத்து, கேட்காமல் விட்டேன்.

எங்கள் முறை வந்தது. நான் தயாரித்திருந்த கூற்றைச் செயலாளர் முன் வைத்தேன். மூன்று பக்கம். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு முதல் பக்கத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். தாள்களை அப்படியே கவிழ்த்து வைத்துவிட்டு, மேசை லாச்சியிலிருந்து ஒரு வெற்றுப் படிவத்தை எடுத்தார்.

"தம்பி, நீங்கள் இருங்கோ" என்று பிக்குவுக்குக் கதிரையைக் காட்டினார். அவர் வாயிலும் தம்பி என்றுதான் வந்தது. பிறகு என் பக்கம் கையை நீட்டினார்.

"அண்ணை, அந்தப் பேனையைத் தாங்கோ. ஒரு வரி போதும். நான் எழுதுறன்."

கொடுத்தேன்.